ரயிலுக்கான பேச்சு

ரயிலா, விமானமா என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்லியே பெரியவளுடைய இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிழைக்க வந்த நாட்டில் ஒரு பயண ஏஜென்சியில் டிக்கெட் போடுகிற வேலை. தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, உள்ளே மூன்று மேஜைகள், சுவரில் ஒரு உலகப் படம். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தின் கீழ்மூலை எழும்பிப் படபடக்கும். அதை ஒட்டி ஒட்டி அவளுக்கே சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

பயந்தவர்களைச் சமாளிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. "எனக்கு மேல போனாலே மயக்கம் வரும்மா" என்று யாராவது உள்ளே வந்தால் முதலாளி தலையைக்கூடத் தூக்காமல் அவள் மேஜைப் பக்கம் கையைக் காட்டுவார். அவள் அவர்களை உட்கார வைப்பாள், தண்ணீர் கொடுப்பாள். காலை விமானமாகப் பார்த்துப் போடுவாள், காலையில் காற்று அடங்கியிருக்கும் என்று. இறக்கைக்குப் பக்கத்து வரிசை, ஆட்டம் குறைவு. நடைபாதை ஓர இருக்கை, எழுந்து நடக்கலாம். எல்லாவற்றையும் தாலாட்டு மாதிரி சொல்லி முடிக்கும்போது வந்தவர் பாதி பயத்தை அந்த மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவார். பண்டிகை வாழ்த்து அனுப்புகிறவர்கள்கூட உண்டு.

அவளுடைய தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், அவளைவிட ஐந்து வயது இளையவள். ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே என்ன கேட்கப்போகிறார் என்று தெரிந்து எடுத்துக் கொடுக்கிற கை. ரத்தத்தைப் பார்த்து அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. கணவர் இறந்து மூன்று வருஷம். ஒரே மகன் வேறு ஊரில் வேலையாக இருந்தான். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. "வாடி, வாடி" என்று பெரியவள் போனில் கூப்பிடாத வாரமில்லை. சின்னவளும் வருகிறேன் வருகிறேன் என்பாள். கடைசியில் ஒருநாள், ஆறு வாரத்துக்கு வருகிறேன் என்று டிக்கெட் தேதியோடு சொன்னாள். பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒன்பது மணி நேரப் பயணம். விமான நிலையத்தில் சின்னவள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது முகம் துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. பயணக் களைப்பு என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள், இரண்டு பேரும் சதை போட்டுவிட்டதைச் சொல்லிச் சிரித்தார்கள். காரில் ஏறி உட்கார்ந்ததும் சின்னவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"அக்கா, இனிமே திரும்பிப் போறப்பதான் ப்ளேன். நடுவுல எங்க கூட்டிட்டுப் போனாலும் அது மட்டும் வேண்டாம்."

"சரிடி, சரிடி. உன்னைத் தூக்கிட்டுப் பறக்கறதுக்கு எனக்கு என்ன இறக்கையா இருக்கு?"

சின்னவள் சிரிக்கவில்லை. "நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள்.

அவளுக்குப் பயம் உயரத்தில் இல்லை, மூடின கதவில்தான். சிறு வயதிலிருந்தே அப்படி. படுக்கும் அறைக் கதவைச் சாத்தமாட்டாள். குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போடாமல், ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காக உள்ளே பாடிக்கொண்டே இருப்பாள். அந்த ஆறு வாரத்தின் ஆரம்பத்தில் பெரியவளின் கணவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நடைவழியில் கால் வைப்பதற்கு முன் மூன்று தடவை கனைத்துக்கொள்வார். ஒருநாள் காலை பாட்டு நின்றுபோய் அரைமணி நேரமாகியும் அவர் அந்தப் பக்கம் போகப் பயந்து சமையலறையிலேயே பல் தேய்த்தார். சின்னவள் அதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன் அத்தான், பாட்டு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள்.

வந்த மூன்றாவது வாரம் பெரியவளின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் இருந்த நகரம் நாட்டின் இன்னொரு மூலை. விமானத்தில் ஒன்றேமுக்கால் மணி. ரயிலில் இருபத்திரண்டு மணி நேரம். பெரியவளுக்கு முதலாளி நாலு நாள் லீவு கொடுத்தார். அதுவே அவர் வாயிலிருந்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, சீசன் நேரம்.

"ரயில்லயே போகலாம் அக்கா" என்றாள் சின்னவள். "ரயில்னா எனக்கு ஒரு பயமும் இல்ல. அடுத்த ஸ்டேஷன்ல கதவு திறக்கும். நாம இறங்கறோமோ இல்லையோ, திறக்கும்."

பெரியவள் இரண்டு பேர் படுக்கிற தனி அறையாகப் பார்த்து ரயில் டிக்கெட் போட்டாள். அன்றிலிருந்து சின்னவள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். கடைக்குப் போய் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தாள். பெரிய ஃபிளாஸ்க் ஒன்று வாங்கினாள். எத்தனை முட்டை அவிப்பது, ரொட்டியை எதில் சுற்றுவது என்று திட்டம் போட்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்:

"ரயில்ல உன்கிட்ட ஒன்னு பேசணும்."

"இப்பவே பேசேன். வாயா வலிக்குது?"

"இங்க வேண்டாம். நீ ஒரு கண்ணால அடுப்பைப் பாப்ப, ஒரு கண்ணால போனைப் பாப்ப. ரயில்லன்னா உன்னால எங்கேயும் ஓட முடியாது."

பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கிற பேச்சாக இருக்கும் என்று நினைத்தாள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் மகள் போன் செய்தாள். பச்சை உடம்புக்காரி, தூக்கமில்லை, பால் கட்டிக்கொண்டு ஒரே வலி. "நாலு நாள்ல ரெண்டு நாளை ரயில்லயே விட்டுட்டு வருவியாம்மா? அப்ப என்கூட எத்தனை நாள் இருப்ப?" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பெரியவள் ஆபீஸ் மேஜையில் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஏதோ கை தானாகச் செய்வது போல விமானப் பட்டியலைத் திறந்தாள். அதே நாள், காலை விமானம். இறக்கைக்குப் பக்கத்து வரிசையில் இரண்டு இருக்கை காலியாக இருந்தன, ஒன்று நடைபாதை ஓரம். யாரோ அவளுக்காகவே துண்டு போட்டு வைத்த மாதிரி இருந்தது. ரயிலை ரத்து செய்துவிட்டு அதை எடுத்தாள். ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா மூணு நாளும் தூங்க மாட்டா. ஏர்போர்ட் வாசல்ல போய் நின்னு சொல்லிக்கலாம். ஒன்பது மணி நேரம் பறந்து வந்தவளுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஒரு பெரிய விஷயமா? பயந்தவங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை கஸ்டமரைப் பார்த்திருக்கேன்!"

"அவ கஸ்டமர் இல்லையே" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பெரியவள். அவர் சும்மா இருந்துவிட்டார். அதற்கு மேல் வற்புறுத்துகிற சுபாவம் அவருக்கு இல்லை. பின்னால் அதை நினைத்து அவரும் வருந்தினார்.

சின்னவளிடம், ரயில் நேரம் மாறிவிட்டது, காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும் என்று பெரியவள் சொன்னாள். தங்கையிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுவல்ல. சிறு வயதில் ஆயிரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் சொன்ன மறுநிமிஷமே சிரித்துவிடுகிற பொய்.

டாக்ஸியில் சின்னவள் மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். முட்டை ஆறுதான் அவித்தாளாம், பன்னிரண்டு கொண்டுபோனால் ரயிலில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். சாலை அகலமாகி, வேலிக்கு அந்தப் பக்கம் விமானத்தின் வால் ஒன்று தெரிந்தபோது பேச்சு நின்றது. டாக்ஸி வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது ஸ்டேஷன் இல்லையே" என்றாள் சின்னவள்.

பெரியவள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். ஒன்றேமுக்கால் மணி நேரம், கண்ணை மூடித் திறந்தால் முடிந்தது. காலைக் காற்று, ஆட்டமே இருக்காது. இறக்கை வரிசை. நடைபாதை ஓரம். மகள் அழுதது. குழந்தை. தான் பக்கத்திலேயே இருப்பது. ஒவ்வொரு பயந்த வாடிக்கையாளருக்கும் சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சம்மதமா என்று கேட்கத்தான் இல்லை.

சின்னவள் கேட்டுக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லாத பார்வை. அப்புறம் ஃபிளாஸ்க்கைப் பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடி, "சரி, வா" என்றாள்.

பெரியவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கதவைத் தாண்டிவிட்டால் பாதி வெற்றி என்று ஆபீசில் சொல்வார்கள்.

உள்ளே விமானத்தின் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டதும் சின்னவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பெரியவள் குனிந்து கேட்டாள். "கத்திரிக்கோல் நாலு. கிடுக்கி பன்னெண்டு. ஊசி எட்டு. பஞ்சு இருபது. கத்திரிக்கோல் நாலு. கிடுக்கி பன்னெண்டு..." ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கிற கணக்கு அது. எல்லாம் வெளியே வந்துவிட்டதா, உள்ளே ஒன்றும் தங்கவில்லையா என்று எண்ணுவது. விமானம் எழும்பியபோது குரலும் எழும்பியது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் திரும்பினாள்.

"மெதுவாடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று பெரியவள் காதோரம் சொன்னாள்.

பின்னாளில் அவளை அதிகம் வதைத்தது அந்த வார்த்தைதான். கையைப் பிடித்துக்கொண்டு கூடவே எண்ணியிருக்கலாம். பன்னெண்டு, எட்டு, இருபது என்று சொல்ல எவ்வளவு நேரம்? அதை விட்டுவிட்டு எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். சின்னவள் குரலை அடக்கிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கழுத்துக்குப் போனது. பணிப்பெண் தண்ணீர் நீட்டியபோது அவளால் கோத்த விரலைப் பிரிக்க முடியவில்லை.

விமானம் தரையில் இறங்கின பிறகு எல்லோரும் எழுந்து போனார்கள், சின்னவளால் எழ முடியவில்லை. உடையும் இருக்கையும் நனைந்திருந்தன. பெரியவள் தன் சால்வையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினாள். சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் எத்தனையோ பேரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவள், நீளமான அந்த வழி முழுக்கத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்து வந்தாள். கழிவறையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, "சால்வையைத் துவைச்சுத் தரேன்" என்றாள்.

மகள் வீட்டில் பார்த்தால் சின்னவள் வேறு ஆள். வந்த அரைமணியில் மகளுக்குப் பால் கட்டின வலிக்கு ஒத்தடம் கொடுத்து, எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்று காட்டி, குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துத் தூங்க வைத்துவிட்டாள். "சித்தி வந்ததாலதான் நான் பொழைச்சேன்" என்று மகள் ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். பெரியவளும் அதைக் கேட்டுக் கொஞ்சம் தைரியம் அடைந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ரயில்ல ஏதோ பேசணும்னியே, என்னடி?"

சின்னவள் குழந்தையின் சட்டையை நீவி மடித்து வைத்தாள். "அது ரயிலுக்கான பேச்சு அக்கா. அது போயிடுச்சு."

"இப்ப சொன்னா என்ன?"

"ஒன்னுமில்ல விடு."

திரும்பும் நாள் வந்தது. பெரியவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சின்னவள் சொன்னாள்: "நீ ப்ளேன்ல போ. உனக்கு ஆபீஸ் இருக்கு. நான் ரயில்ல வந்துடறேன். டிக்கெட் மட்டும் போட்டுக் குடு." கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். பெரியவள் அந்த நிமிஷம் முதலாளியைக் கூப்பிட்டு, இன்னும் ஒருநாள் லீவு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவர் கத்தியிருப்பார், அப்புறம் கொடுத்திருப்பார். சேர்ந்து இருபத்திரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கலாம். சீட்டுக்கட்டு பிரிக்காமல் அப்படியே பையில் இருந்தது. போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். ஆனால் கூப்பிடவில்லை. சின்னவளின் முகத்தை ஒரு முழு நாள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார அவளுக்குத் துணிச்சல் வரவில்லை என்பதுதான் உண்மை. அதற்கு ஆபீஸை ஒரு சாக்காக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்த் தங்கையை அழைத்து வந்தாள். அதற்கடுத்த நாள் காலை, சின்னவள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, ஒரு உதவி. நான் ஊருக்கு எப்படிப் போறதுன்னு பாரு."

"எப்படிப் போறதுன்னா? அதான் டிக்கெட் இருக்கே."

"இல்ல. என்னால இன்னொரு தடவை ஏற முடியாது. இங்க வரணும்னு முடிவு பண்ணப்போ ஆறு மாசம் மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன். வர்றதுக்கு ஒன்னு, போறதுக்கு ஒன்னு. அவ்வளவுதான் என்கிட்ட இருந்துச்சு. போறதுக்குன்னு வெச்சிருந்ததை நீ எடுத்துட்ட."

பெரியவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏண்டி, அன்னைக்கு வாசல்லயே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உன்னைக் கட்டித் தூக்கிட்டா போயிருப்பேன்?"

"நீ என் அக்கா. நீ கூட்டிட்டு வந்து நிறுத்தின இடத்துல இருந்து நான் எங்க போவேன்? அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?"



அந்த வாரம் பெரியவள் போட்ட பயணத் திட்டம் மாதிரி அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போட்டதில்லை. ஐந்து ரயில், இரண்டு பஸ், நடுவில் கடலைத் தாண்ட ஒரு கப்பல். ஒன்பது நாள். எந்த ஸ்டேஷனில் எந்த நடைமேடை, எங்கே பெண்கள் தங்கும் அறை சுத்தமாக இருக்கும், நடுவில் வருகிற நாட்டுக்கு விசா வாங்க யாரைப் பிடிப்பது, கப்பலில் மேல்தளத்தில் கதவு திறந்தே இருக்கிற அறை கிடைக்குமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அறிமுகமே இல்லாத ஏஜென்சிகளுக்கெல்லாம் போன் போட்டு, "என் தங்கச்சி வர்றா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கெஞ்சினாள். முதலாளி, யார் இந்த முக்கியமான ஆள் என்று கேட்டார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, நாள்வாரியாக ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தாள். சின்னவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா பண்ணியிருக்க" என்றாள். நிஜமாகவே மெச்சித்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

கப்பல் வாரத்துக்கு ஒருமுறைதான். அதைப் பிடிப்பதற்காக, ஆறு வாரம் தங்க வந்தவள் ஐந்தாவது வாரம் முடிகிறதற்குள் கிளம்பினாள். நடைமேடையில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். சால்வை துவைத்து, இஸ்திரி போட்டு, பெரியவளின் அலமாரியில் இருந்தது. ரயில் நகர்ந்தபோது சின்னவள் ஜன்னலில் கையை ஆட்டினாள், முகம் தெளிந்திருந்தது. ரயில் அவளுக்கு நிம்மதியான இடம்.

நாலாம் நாள் பெரியவள் தங்கை மகனுக்குப் போன் செய்தாள், தகவல் ஏதும் உண்டா என்று.

"கப்பல் ஏறிட்டாங்க பெரியம்மா, நல்லா இருக்காங்க. நான்தான் குழம்பிப்போய் இருக்கேன். இவ்வளவு சீக்கிரம் திரும்பறாங்களே, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்களா?"

"என்ன முடிவுப்பா?"

"அம்மா வேலையை விட்டுட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா? லீவுன்னா சொன்னாங்க? அப்பா போனப்புறம் அந்த வீட்ல தனியா இருக்க முடியலைன்னு, உங்க பக்கத்துலயே வந்து இருந்துடலாமான்னு கேக்கத்தானே வந்தாங்க. நேர்ல உக்காந்து கேட்டாத்தான் சரியா இருக்கும், போன்ல கேட்டா நீங்க தட்ட முடியாம சரின்னுடுவீங்கன்னு சொன்னாங்க."

பெரியவள் போனை வைத்துவிட்டு ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தம்பதி வந்து உட்கார்ந்து, ரயிலில் போனால் எவ்வளவு நேரம், விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். அவள் பட்டியலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பக்கத்து மேஜைக்காரி வந்து அவர்களை அழைத்துப் போனாள்.

சின்னவள் ஊர் போய்ச் சேர்ந்ததும் பெரியவள் போனில் அழுதாள். "வந்துடுடி. என்கூடவே வந்து இரு. எத்தனை நாள் ஆனாலும் சரி, ரயில்லயே கப்பல்லயே கூட்டிட்டு வர்றேன்" என்றாள். சின்னவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில திரும்பக் கூப்பிட்டிருக்காங்க அக்கா, திங்கக்கிழமை சேர்றேன். அப்புறம் பாக்கலாம்" என்றாள். அந்த அப்புறம் வரவேயில்லை. வாரா வாரம் பேசினார்கள். குழந்தைக்குப் பல் முளைத்தது, மாத்திரை மாற்றியது, மழை பெய்தது எல்லாம் பேசினார்கள். சின்னவள் எதையும் கேட்பதில்லை. பெரியவள் கேட்டால் நல்லபடியாகப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியவள் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். சின்னவள் தன் கட்டிலை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். காலையில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தெருவில் எல்லோரிடமும் "எங்க அக்கா" என்று அறிமுகப்படுத்தினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், இரண்டு பேரும் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, பெரியவள் இரண்டு வருஷமாக மனசில் உருட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் பண்ணது தப்புடி. என்னை மன்னிச்சிடு."

"அன்னைக்கே மன்னிச்சிட்டேனே" என்றாள் சின்னவள். "குழந்தைக்காகத்தான் நீ பண்ணினன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் வர மாட்டேங்கற?"

சின்னவள் ஒரு பட்டாணியைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"உன்மேல கோபம் இல்ல அக்கா. முன்னாடில்லாம் நீ வான்னா எங்கேன்னு கேக்காம செருப்பை மாட்டிக்கிட்டு வருவேன். இப்ப அது வர மாட்டேங்குது. நான் என்ன பண்றது? வேணும்னு செய்யலை."

கிண்ணம் நிறைந்ததும் சின்னவள் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கடைவீதிக்குக் கிளம்பினார்கள், பேரக்குழந்தைக்குத் துணி எடுக்க. பஸ் நிறுத்தத்தில் கூட்டம் அதிகமில்லை. வளைவில் பஸ் திரும்பும்போதே பெரியவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பஸ் நம்பரைப் பார்த்துவிட்டாள். "இதுதான்டி, வா" என்று முதலில் ஏறி, ஜன்னல் ஓரம் தங்கைக்கு இடம் போட்டாள்.

சின்னவள் ஏறவில்லை. முன்பக்கம் நடந்து போய், டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று தலையைத் தூக்கி, இந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். அப்புறம்தான் வந்து ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பச்சை நிறத்தில் எடுக்கலாமா, மஞ்சளில் எடுக்கலாமா என்று கேட்டாள்.

"உனக்கு எது பிடிக்குதோ அது" என்றாள் பெரியவள்.